முழங்காலில் விழுந்த பொட்டு

முதலில் ஜமீன்தார் எங்கள் கண்மாயை வளைத்தார். அடுத்து மேய்ச்சல் நிலத்தை. மூன்றாவதாக, அந்த நிலத்தையே சிலம்பத்துக்குப் பந்தயம் வைத்தார்; நடுவரும் அவரே.

கம்பு நுனியில் மை தடவி, எதிராளி மேல் முதல் பொட்டு வைப்பவனுக்கு வெற்றி. இடுப்புக்குக் கீழே அடிப்பது கள்ள ஆட்டம்; அடித்தவனுக்குத் தோல்வி. ஜமீன் மருமகன், எங்கள் ஊருக்காக ஆடிய மாடு மேய்க்கும் பூலாண்டியின் முழங்காலில் பொட்டு வைத்தான்.

“தெரியாம பட்டுருச்சு மாமா!”

“தெரியாமல் பட்டால் கள்ள ஆட்டமில்லை. நீயே ஜெயித்தாய்,” என்றார் ஜமீன்தார்.

பூலாண்டி கும்பிட்டான். “சரிங்க சாமி. அவரு குறி வைக்கலைன்னா ஜெயிச்சது கம்புதானே? மாலையைக் கம்புக்கே போடுங்க.”

ஊரே சிரித்தது. மருமகனுக்கு ரோஷம் பொங்கியது.

“கம்பா ஜெயிச்சது? நான்தான்டா பார்த்து அடிச்சேன்!”

பஞ்சாயத்தார் முன்னால் கணக்குப்பிள்ளை உரக்கப் படித்தார்: “மேய்ச்சல் நிலத்தை ஊருக்காக வென்றவர், சங்கிலி மகன் பூலாண்டி.”