தாண்டவராயன் மாட்டிய ஹெட்போன்

கோயம்புத்தூரில் ஹெட்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் மேனேஜர் தாண்டவராயன் வைத்ததுதான் சட்டம். அங்கே செய்த புது ஒயர்லெஸ் ஹெட்போனில் ஒரு குறை இருந்தது. படம் பார்த்தால், திரையில் உதடு அசைந்த பிறகுதான் காதில் பேச்சு விழும். சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்த இசக்கியம்மாள் அதைச் சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம் கொடுங்க சார், தாமதத்தைக் குறைச்சுடலாம்."

"நாளைக்கு டீலருங்க வர்றாங்க. தாமதமே இல்லைன்னு நீதான் மேடையில சொல்ற. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

அவளுக்கு அந்த வேலையும் வேண்டும், பொய்யும் வராது. மறுநாள் மேடையேறிக் கும்பிட்டாள்.

"நான் நேத்து வந்தவளுங்க. சார் வாயால கேட்டாத்தானே மதிப்பு? அவர் மைக்குல பேசுறது இந்த ஹெட்போன் வழியா அவர் காதுலயே கேக்கட்டும்."

தாண்டவராயனுக்கு உச்சி குளிர்ந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இதில் தாமதம்..."

சொன்ன சொல் காதுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த சொல் வாய்க்கு வந்துவிட்டது. தன் குரலே தன் பேச்சில் குறுக்கிட, நாக்கு குழறியது.

"தா... தாமதம்... இ... இல்..."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஈரோட்டு டீலர் எழுந்தார். "ஏனுங்க, உங்க பேச்சு உங்களுக்கே பிந்தி வருதே! இதைச் சரி பண்ண எத்தனை நாளாகும்?"

தாண்டவராயன் ஹெட்போனைக் கழற்றி இசக்கியம்மாள் கையில் கொடுத்தார்.

"ஒரு மாசமுங்க. இந்தப் பொண்ணு பாத்துக்கும்" என்றார், திக்காமல்.