கால் இல்லாத பாவை ஆடிய கூத்து

முன்னொரு காலத்தில், வெண்ணாற்றங்கரையில் கடம்பராயன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான். உச்சிப் பொழுதில் அதை மாற்றிவிடுவான்.

அவனுடைய ஊர்க் கோயிலில், திருவிழா அரங்கில் ஆடும் உரிமை கூத்தர்களுக்கு மட்டுமே உண்டு. அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டவிருந்த நாளன்று காலையில், பொம்மலாட்டம் நடத்தும் சடையாண்டி அவைக்கு வந்து வணங்கினான்.

"அரசே, நாங்கள் பாவைக்கூத்தர். எங்களையும் சேர்க்க வேண்டும்."

"சேர்த்துவிடுங்கள்" என்றான் மன்னன்.

அரசவை நட்டுவனார் இன்பநாதருக்குப் பொறுக்கவில்லை. "கூத்தன் என்றால் ஆடுகிறவன், அரசே! இங்கே ஆடுவது மரப்பொம்மை. இவன் வெறுமனே கயிறு இழுப்பவன்!"

"அதுவும் சரிதான். கயிறு இழுப்பவன் என்றே வெட்டுங்கள். வாசலுக்கு வெளியே ஆடட்டும்."

சடையாண்டியின் முகம் வாடியது. "வெளியே ஆடுவதுகூடப் பெரிதில்லை, அரசே. கல்லில் வெட்டிவிட்டால், என் பேரன் காலத்திலும் அதுதானே எங்கள் பெயர்?"

அமைச்சர் நல்லாதன் எழுந்தார். "உளி இறங்கும் முன் ஓர் ஆட்டம் பார்த்துவிடுவோமே."

கறுப்புத் திரை கட்டினார்கள். சடையாண்டி அதன் பின்னால் மறைந்தான். பட்டுப் பாவாடை கட்டிய பாவை முன்னால் வந்து சுழன்றது. சலங்கை கலீர் கலீரென்றது.

"நட்டுவனாரே, பாவையின் காலில் தாளப் பிழை உண்டா?" என்று கேட்டார் அமைச்சர்.

இன்பநாதர் கண்ணை மூடிச் சலங்கை ஒலியைக் கேட்டார். தொழில் அறிந்தவர், பொய் சொல்ல நா எழவில்லை. "இல்லை. என் மாணவிகளுக்குக்கூட இப்படிக் கால் வாய்க்கவில்லை."

"அப்படிப்பட்ட காலைப் பார்க்க வேண்டாமா?" அமைச்சர் மேடைக்குப் போய்ப் பாவாடையின் ஓரத்தைப் பிடித்து விலக்கினார். மரம் இடுப்போடு முடிந்திருந்தது. காலே இல்லை!

அவை சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை, திரையைத் தள்ளினார். சலங்கை சடையாண்டியின் கால்களில் இருந்தது. அவன் தலையில் ஓர் இரும்பு வளையம். பாவையின் கயிறுகள் அதில் கட்டப்பட்டிருந்தன. அவன் தலை சாய்த்தான், பாவையும் சாய்த்தது.

"இவன் ஆடாமல் அது ஆடாது, அரசே. இவனைக் கூத்தன் என்னாமல் யாரை அப்படிச் சொல்வது?"

மன்னன் வளையத்தைக் கழற்றச் சொன்னான். நெற்றியைச் சுற்றிப் பழைய தழும்பு. தன் கிரீடம் அழுத்தும் இடத்தை மன்னன் மெல்லத் தடவிக்கொண்டான்.

"பாவைக்கூத்தர் என்றே வெட்டுங்கள். முதல் நாள் ஆட்டம் இவர்களுடையது. நட்டுவனாரே, சிற்பிக்கு எழுத்தெழுத்தாக நீரே சொல்லும்."

இன்பநாதர் தலை குனிந்தபடி சொன்னார். உளி ஒவ்வோர் எழுத்தாக இறங்கியது.

உச்சிப் பொழுது வந்தது. அந்த ஆணையை மட்டும் மன்னன் மாற்றவில்லை.