இருபது மார்க் கடன்

மதிப்பெண்ணைக் கடனாக வாங்க முடியாது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். ஆசிரியர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பிழையானது என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக விதிமுறைகளைப் பின்னிணைப்பு உட்படப் படித்தவர்கள் (அப்படி ஒருவராவது இருக்கக்கூடும்) இதை அறிவார்கள். மதிப்பெண்ணை விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அடித்துத் திருத்தக் கூடாது என்று இருக்கிறது. கடன் கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

ஈரோட்டில் ஒரு மாலைக் கல்லூரி. அங்கே குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் மோகனப்பிரியா. பி.காம். கடைசி செமஸ்டருக்கு வணிகக் கணிதம் நடத்தினார். சீடருக்கு நாற்பத்து நான்கு. பெயர் நாச்சிமுத்து. வயது கருதி குரு சீடரை "சார்" என்றார். பதவி கருதி சீடர் குருவை "மேடம்" என்றார்.

நாச்சிமுத்துவுக்குப் பகலில் இருசக்கர வாகனக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனை வேலை. கால்குலேட்டரைத் தொடமாட்டார். "அறுபதாயிரம் கடனுங்க. வருஷத்துக்குப் பன்னெண்டு பர்சென்ட். இருபத்துநாலு மாசம். மாசம் மூவாயிரத்து நூறு," என்று ஒரே மூச்சில் சொல்வார். வந்தவர் மூச்சு விடுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுவார்.

அவருக்கு வேண்டியது கிளை மேலாளர் நாற்காலி. அதற்கு டிகிரி வேண்டும். பதினோரு வருடமாக டிகிரி உள்ள பையன்கள் வந்தார்கள், அவரிடம் வேலை கற்றார்கள், பிறகு அவரையே வேலை வாங்கினார்கள். வரும் ஜூலையில் அந்த நாற்காலி மறுபடியும் காலியாகிறது. ஏப்ரல் தேர்வை எழுதினால் உண்டு. இல்லாவிட்டால் இன்னொரு பையன்.

நான்காவது பாடம் தொடங்கிய அன்று மோகனப்பிரியா கரும்பலகையில் நாச்சிமுத்துவின் அறுபதாயிரத்தையே எழுதினார். மாதத் தவணை மூவாயிரத்து நூறு என்று எழுதினார். கீழே, உண்மையான வட்டி விகிதம் ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம் என்று எழுதினார்.

நாச்சிமுத்து எழுந்தார்.

"மேடம், அது தப்புங்க."

"எது சார்?"

"பன்னெண்டுங்க. பதினோரு வருஷமா நான் பன்னெண்டுதான் வித்துட்டிருக்கேன். அது எப்படிங்க இருபத்தொண்ணரை ஆகும்?"

"கடனைத் திருப்பிக் கட்டக் கட்டப் பாக்கி குறையுதில்ல சார்?"

"குறையட்டுமுங்க. வட்டி வாங்கின கடனுக்குத்தானுங்களே?"

முன் பெஞ்சில் லாவண்யா. பகலில் கூரியர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, புக்குலயே போட்டிருக்குதுங்கண்ணா."

"புக்கு எழுதினவரு வண்டி வித்திருக்காராம்மா?"

வகுப்பு சிரித்தது. மோகனப்பிரியாவும் சிரித்தார். அடுத்த கணக்குக்குப் போனார்.

ஜனவரிக் கடைசியில் இடைத் தேர்வு வந்தது. ஐம்பது மார்க். இருபது எடுத்தால்தான் ஹால் டிக்கெட். மாதக் கடைசி என்பதால் நாச்சிமுத்து அன்று பெருந்துறைப் பக்கம் வசூலில் இருந்தார். தேர்வுக்கு வரவில்லை. மார்க் பூஜ்யம்.

மறுநாள் மாலை துறை அறை வாசலில் வந்து நின்றார்.

"மறுதேர்வு வைப்பீங்களா மேடம்?"

"விதியில இடம் இல்ல சார்."

"ஏதாச்சும் பார்த்துச் செய்யுங்க மேடம். ஜூலையை விட்டா எனக்கு அப்புறம் நாற்காலியே இல்லீங்க."

மோகனப்பிரியா கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இருபது மார்க் கடன் தரவா?"

நாச்சிமுத்து முதலில் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியாபாரம் என்று வந்துவிட்டால் அவர் நின்றுகொண்டு பேசுவதில்லை.

"எப்படிங்க திருப்பிக் கட்டறது?"

"வாராவாரம் பத்து மார்க்குக்கு டெஸ்ட் வைக்கப் போறேன். மொத்தம் பத்து டெஸ்ட், நூறு மார்க். அதுல நாப்பது எடுத்தாகணும், அதுவும் ஹால் டிக்கெட்டுக்குத்தான். ஒவ்வொரு டெஸ்ட்லயும் உங்க தவணையைப் பிடிச்சுக்கறேன்."

"வட்டி?"

"நீங்கதான் இந்தத் தொழில்ல இருக்கீங்க. கண்டிஷனை நீங்களே சொல்லுங்க."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. கடன் வாங்குபவரிடம் கண்டிஷன் கேட்கும் நிறுவனத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"ஃப்ளாட்டாப் போட்டுக்கலாமுங்க. வாரம் அஞ்சு பர்சென்ட். இருபதுக்கு அஞ்சு பர்சென்ட் ஒரு மார்க். அசல் வாரம் ரெண்டு. ஆக வாரம் மூணு மார்க். கணக்கு சுத்தம்."

"பத்து வாரமும் மூணு?"

"பத்து வாரமும் மூணேதானுங்க. கஸ்டமருக்குக் குழப்பமே வரக் கூடாது."

"ஜாமீன்?"

"லாவண்யா போடும்."

"டாக்குமென்ட் சார்ஜ்?"

நாச்சிமுத்து கூச்சத்துடன் நெளிந்தார். "அதெல்லாம் நமக்குள்ள எதுக்குங்க மேடம்."

கையெழுத்து ஆனது.

முதல் டெஸ்டில் நாச்சிமுத்து ஐந்து எடுத்தார். மூன்று போக இரண்டு. இரண்டாவதில் ஆறு எடுத்தார். மூன்று போக மூன்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மோகனப்பிரியா விடைத்தாளைக் கொடுக்கும்போது, "தவணை வந்திருச்சு, நன்றி சார்," என்பார். நாச்சிமுத்து தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வார். தவணை தவறாத வாடிக்கையாளரின் பெருமிதம் அவர் நடையில் தெரிந்தது.

ஐந்தாம் வாரம் லாவண்யா கேட்டாள். "அண்ணா, பாதி கட்டிட்டீங்களா?"

"பத்து மார்க் அசல் கட்டியாச்சு."

"அப்புறமும் அதே ஒரு மார்க் வட்டியா?"

"ஃப்ளாட்டும்மா. ஃப்ளாட்டுன்னா அப்படித்தான்."

சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார். பிறகு மூடியைத் திறந்தார். எதுவும் எழுதவில்லை. மறுபடி மூடினார்.

எட்டாம் வாரம் விடைத்தாளை வாங்கிக்கொண்டு மேடத்தின் மேசை அருகே சற்று நின்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிப் போய்விட்டார்.

பத்தாவது டெஸ்டில் எட்டு எடுத்தார். அந்த வகுப்பில் அவர் எடுத்த மிக உயர்ந்த மார்க் அது. பத்து டெஸ்டுக்கும் சேர்த்து அறுபத்தாறு. தவணை முப்பது போக முப்பத்தாறு. வேண்டியது நாற்பது.

நாச்சிமுத்து இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் முப்பத்தாறு. எழுந்தார்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க சார்."

"இந்த வாரம் தவணைக்கு முன்னாடி என் பாக்கி எவ்வளவுங்க?"

"ரெண்டு மார்க்."

"ரெண்டு மார்க் பாக்கிக்கு ஒரு மார்க் வட்டிங்களா? வாரத்துக்கு அம்பது பர்சென்டுங்க மேடம்! ஊர்ல கந்துவட்டிக்காரன்கூட இப்படி வாங்கமாட்டானுங்க!"

"அஞ்சு பர்சென்ட்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அஞ்சுதான் சொன்னேன். ஆனா திருப்பிக் கொடுத்த மார்க்குக்கும் சேர்த்தில்ல வட்டி வாங்கிட்டிருக்கீங்க! அந்தப் பதினெட்டு மார்க் இப்ப என்கிட்டயா இருக்குது? உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

மோகனப்பிரியா சாக்பீஸை நீட்டினார்.

"போர்டுல போடுங்க."

நாச்சிமுத்து கோபத்தில் வேகமாக எழுதினார். முதல் வாரம் பாக்கி இருபது, வட்டி ஒன்று. அடுத்த வாரம் பாக்கி பதினெட்டு, வட்டி பூஜ்யம் புள்ளி ஒன்பது. அதற்கடுத்து பதினாறு, பூஜ்யம் புள்ளி எட்டு. கீழே வரவர எண்கள் சிறியவை ஆயின, அவர் குரல் பெரியதாயிற்று. கடைசி வாரம் பாக்கி இரண்டு, வட்டி பூஜ்யம் புள்ளி ஒன்று. கூட்டினார். ஐந்தரை.

"பாருங்க மேடம். நியாயமான வட்டி அஞ்சரை. நீங்க பிடிச்சது பத்து. நாலரை மார்க் அதிகமுங்க. அதைக் கொடுத்துட்டா நான் நாப்பதரை. பாஸ்!"

லாவண்யா கைதட்டினாள். பின் பெஞ்சுகளும் தட்டின.

"ரொம்பச் சரி," என்றார் மோகனப்பிரியா. "இது எத்தனாவது பாடம் சார்?"

நாச்சிமுத்து பலகையைப் பார்த்தார். கைதட்டல் நின்றது.

"நாலாவதுங்க," என்றார்.

"கடைசியா வண்டி வாங்கினவருக்கு எந்தக் கணக்கைச் சொன்னீங்க?"

நாச்சிமுத்து சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கும் அதே கணக்குதான்," என்றார் மோகனப்பிரியா. "மார்க் பட்டியல் வெள்ளிக்கிழமை காலேஜ் ஆபீசுக்குப் போகுது. அதுவரைக்கும் உங்க கடைக்கு வர்றவங்ககிட்ட எந்தக் கணக்கைச் சொல்றீங்களோ, அதையே உங்களுக்கும் போடறேன்."

"கம்பெனி ரேட்டை நான் மாத்த முடியாதுங்களே மேடம்."

"மாத்தச் சொல்லலையே சார். சொல்லத்தானே சொன்னேன்."

செவ்வாய்க்கிழமை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் வந்த வழியே போனார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். அவருக்கு இருபத்தாறு வயது.

"என்ன அண்ணா, இன்னிக்குக் கை ராசி இல்லையா?"

"கணக்கு ராசி இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து.

புதன்கிழமை ராஜாமணி என்ற பெண்மணி வந்தார். பனியன் கம்பெனியில் டைலர். வேலைக்குப் போய்வர ஸ்கூட்டர் வேண்டும்.

"அறுபதாயிரம் கடனுங்க அக்கா," என்று நாச்சிமுத்து தொடங்கினார். "வருஷத்துக்கு..."

வழக்கமாக மூச்சு நிற்காத இடத்தில் மூச்சு நின்றது.

"என்னங்க தம்பி?"

"பன்னெண்டுன்னு போர்டுல போட்டிருக்குதுங்க அக்கா. பாக்கி குறையறதை வெச்சுப் பார்த்தா, அது கிட்டத்தட்ட இருபத்தொண்ணரை."

"இருபத்தொண்ணரையா! எதிர்க்கடையில பன்னெண்டுன்னுதான் சொன்னாங்க."

"அவங்க பன்னெண்டும் எங்க பன்னெண்டும் ஒரே பன்னெண்டுதானுங்க. அங்க போய் ஒண்ணு மட்டும் கேளுங்க. கடைசி மாசம் என் பாக்கி எவ்வளவு, அதுக்கு வட்டி எவ்வளவு? ரெண்டாயிரத்து ஐநூறு பாக்கிக்கு அறுநூறு வட்டி வரும். ஏன்னு கேளுங்க."

ராஜாமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனார்.

நாச்சிமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் விற்பனைப் பையன் கால்குலேட்டரைத் தட்டினான். மறுபடி தட்டினான். உள்ளேயிருந்து இன்னொருவனைக் கூப்பிட்டான். அவனும் தட்டினான். ராஜாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து துறை அறைக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேனுங்க. வந்தவங்க எல்லாருக்கும் சொன்னேன்."

"என்ன ஆச்சு?"

"ஒருத்தர் பாங்க்கில கேட்டுப் பார்க்கறேன்னுட்டார். ஒருத்தர் பழைய வண்டியே போதும்னுட்டார். ஒரு அக்கா எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. இந்த வாரம் ஒரு வண்டிகூடப் போகலீங்க மேடம்."

மோகனப்பிரியா பட்டியலை எடுத்தார். நாச்சிமுத்துவின் பெயருக்கு நேரே நாற்பதரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாச்சிமுத்து அந்த எண்ணைப் பார்த்தார். சந்தோஷப்பட்டவர் போலத் தெரியவில்லை. பிறகு கேட்டார்.

"நான் சொன்னது நெசமான்னு நீங்க விசாரிக்கவே இல்லீங்களே மேடம்?"

"பொய்யா இருந்தா ஒரு வண்டியாவது போயிருக்குமே சார்."

ஹால் டிக்கெட் வந்தது. ஏப்ரல் தேர்வில் நான்காவது பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. நாச்சிமுத்து அதைத்தான் முதலில் எழுதினார்.

அந்த ஜூனில், மாலைக் கல்லூரியின் பி.காம். முதலாண்டுச் சேர்க்கைக்கு எதிர்க்கடையிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பம் வாங்கிப் போனார்கள்.