பாற்கடல் அகழி

எங்கள் ஆயர்பாடிக்குப் பக்கத்தில் ராஜா புதுத் தலைநகரம் கட்டினார். உலகத்தின் நடுவே மேருமலை, அதைச் சுற்றிக் கடல்கள் என்று புராணம் சொல்கிறதே, அதே மாதிரி நடுவே அரண்மனை, சுற்றிலும் அகழிகள். திட்டம் போட்டவர் அமைச்சர் பெருங்கோடனார்.

"இந்த அகழிதான் பாற்கடல். இதில் பால்தான் நிற்க வேண்டும். ஆயர்கள் கறப்பதையெல்லாம் இங்கே கொட்டட்டும். மாட்டோம் என்றால் ஊரைக் காலி செய்யட்டும்!" என்றார் அவர்.

கொட்டினோம். கன்றுகள் பசியில் கதறின. வெயிலில் பால் திரிந்து, நாற்றம் அரண்மனைக்குள் குடியேறியது.

ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு பார்வையிட வந்தார். எங்கள் பாடிப் பெண் காயாம்பூ அந்தப் பாலை ஒரு சொம்பில் மொண்டு அமைச்சரிடம் நீட்டினாள்.

"குடிங்க சாமி."

"என்ன திமிர்! இது விஷம்!"

"ஆமாங்க. பாற்கடல்ல முதல்ல விஷம்தானே வந்துச்சு? அதை ஒருத்தர் குடிச்ச பிறகுதானே அமுதம் வந்துச்சு? எங்க பாடியில மோர் கடைஞ்சாலும், கடையச் சொன்னவங்களுக்குத்தான் முதல் சொம்பு. இதைக் கேட்டது நீங்கதானே?"

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார். "குடியும். அமுதத்துக்கு நான் காத்திருக்கிறேன்."

பெருங்கோடனார் இரண்டடி பின்வாங்கினார். "தண்ணீரே போதும் என்றும் சாஸ்திரம் உண்டு, மகாராஜா!"

அன்றே திரிந்த பாலை வெளியேற்றி, அகழியில் ஆற்றுநீர் பாய்ச்சினார்கள். பெயர் மட்டும் பாற்கடல்தான். தினமும் எங்கள் மாடுகள் அதில் இறங்கித்தான் தாகம் தீர்க்கின்றன. பாற்கடலையே குடித்து வளர்ந்த மாடு வேறு எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்!