மின்ன வேண்டாம் என்ற கூனி

பாறைகள் சூழ்ந்த கடலோரத்தில் மினுக்குப் பொடிகள் கூட்டமாக மிதந்து வாழ்ந்தன. தூசியைவிடச் சின்ன உயிர்கள். கடிக்கப் பல் இல்லை, உதைக்கக் கால் இல்லை. ஒரே ஒரு வழக்கம் உண்டு. இருட்டில் தண்ணீர் சட்டென்று உடம்பை இழுத்தால், பளிச்சென்று நீல ஒளி விடும்.

கூனி என்ற குட்டி இறாலுக்கு அந்த ஒளியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். பொடிகளைத் தின்னப் போனால் அதன் கால்கள் தண்ணீரைக் கலக்கும். உடனே பொடிகள் மின்னும். அந்த வெளிச்சத்தில் இறால் தின்னும் கணவாய் கூனியைப் பார்த்துவிடும். பிறகென்ன, வெறும் வயிற்றோடு ஓட வேண்டியதுதான்.

ஒரு நாள் கூனி தள்ளி நின்று தேனொழுகப் பேசியது.

"பாவம், அலைக்கு அலை மின்னி எப்படிக் களைச்சுப் போயிட்டீங்க! பாறைக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கு. அலையே கிடையாது. நீரோட்டம் அந்தப் பக்கம்தான் போகுது. சும்மா மிதந்து வாங்க!"

சிமிட்டி என்ற பொடிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இவனுக்கு நம்ம மேல என்னடி இவ்வளவு அக்கறை?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!" என்று மற்றவை அதன் வாயை அடைத்துவிட்டன.

பொடிகள் மிதந்து போய்ச் சேர்ந்த பள்ளத்தில் தண்ணீர் அசையவே இல்லை. இருட்டியதும் கூனி வந்தது. மெதுவாக, மிக மெதுவாகக் காலை அசைத்தது. மெல்ல நகர்ந்த தண்ணீர் யாரையும் இழுக்கவில்லை. ஒரு பொடியும் மின்னவில்லை. கூனி ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டது.

சிமிட்டி பக்கத்திலிருந்த தோழியைக் கூப்பிட்டது. பதில் இல்லை. ஐயோ, அவளும் போய்விட்டாள்! சிமிட்டிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது? கணவாய் பாறைக்கு அந்தப் பக்கம்தான் திரிந்துகொண்டிருந்தது. இங்கே நடப்பது அதற்குத் தெரிய வேண்டுமே!

"கூனியண்ணே!" என்று சிமிட்டி குழைந்தது. "நீங்க துள்ளினா மீனே தோத்துப் போகும்னு சொன்னாங்க. இப்படி ஊர்ந்து வர்றீங்களே, வயசாயிடுச்சோ?"

"யாருக்கு வயசாச்சு?" கூனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பாருடி!"

வாலைச் சுண்டி ஒரே துள்ளல்! தண்ணீர் சுழன்று எல்லாரையும் இழுத்தது. பள்ளம் முழுக்க நீலமாகப் பற்றிக்கொண்டது. நடுவில் கூனி கறுப்பாக, தெளிவாகத் தெரிந்தது.

பாறைக்கு மேலிருந்து கணவாயின் நீண்ட கை இறங்கியது. கூனியின் கதை அதோடு முடிந்தது.

மறுநாள் நீரோட்டம் திரும்பி, மிச்சமிருந்த பொடிகளை அலைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. களைப்பு என்று ஒரு பொடியும் முனகவில்லை.

நம் கூக்குரலை அடக்க ஒருவன் அக்கறையாக வழி சொன்னால், அந்த அமைதியால் யாருக்கு லாபம் என்று முதலில் யோசிக்க வேண்டும்.