பலகையைத் தொட்ட கீரிக்குட்டி

தாழைக்குளத்தின் கரையில் ஒரு வளை இருந்தது. அதில் செம்பி என்ற தாய்க்கீரியும், மிளகு என்ற அதன் ஒரே குட்டியும் வாழ்ந்தன. மிளகு சரியான வாயாடி. கண் விழித்தது முதல் கண் அசரும் வரை, அது என்ன, இது ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்லிச் சொல்லிச் செம்பிக்கு வாய் வலித்துப் போகும். ஆனாலும் அந்தத் தொணதொணப்பைக் கேட்காவிட்டால் அதற்குச் சாப்பிட்டது செரிக்காது.

செம்பிக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. ஆடி பிறந்தால் கீரிக்குட்டி தனியாக இரை தேடப் போக வேண்டும். அதுதான் கீரிகளின் வழக்கம். ஆடி மழைக்கு ஈசல் கிளம்புகிற மேடு, தேக்குத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தோட்டத்துக் காவல்காரரோ எலிக்கும் பன்றிக்கும் பயந்து ஒரு பாதையில் இரும்புப் பொறி வைப்பார், இன்னொரு பாதையில் குழி வெட்டுவார், வேறொன்றில் வலை கட்டுவார். வேலையாட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அந்தந்த இடத்தில் வைத்ததன் பெயரைப் பலகையில் எழுதி நட்டுவிடுவார். ஒன்றும் வைக்காத பாதையில் 'வழி' என்று எழுதியிருக்கும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுவார். பாதையை மனப்பாடம் செய்து பயனில்லை. எழுத்தின் உருவத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாலும், அவசரத்தில் வழியும் குழியும் ஒன்று போலவே தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள்தான் பிழைக்க முடியும்.

செம்பிக்குப் படிக்கத் தெரியாது. போன ஆடியில் தோட்டத்துக்குள் போன அதன் இரண்டு குட்டிகள் திரும்பி வரவில்லை. மிளகையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று அது துடித்ததில் என்ன ஆச்சரியம்?

முதலில் மைனா நடத்திய வகுப்பில் சேர்த்துப் பார்த்தது. அங்கே எல்லாக் குஞ்சும் குட்டியும் "கானா, ஙானா, சானா" என்று ராகம் போட்டுக் கத்தும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'மரம்' என்று எழுதிக் காட்டினால், மிளகு "மானா, ரானா" என்று தொடங்கிவிட்டுப் பாதியில் விழிக்கும். எந்த மானாவும் ரானாவும் சேர்ந்து ஒரு மரமாகவில்லை. செம்பி குட்டியை நிறுத்திவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மந்தி ஒரு பையோடு வந்தது. அருவிக்குக் குளிக்க வந்தவர்களின் பை அது. எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, மந்தியிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை. பைக்குள் ஒரு செல்ஃபோனும், அதை வெயிலில் சார்ஜ் ஏற்றுகிற தகடும் இருந்தன.

ஃபோனில் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித்தரும் விளையாட்டு ஒன்று இருந்தது. எழுத்துகள் பலூன் பலூனாக மிதக்கும். அடுத்துத் தொட வேண்டிய எழுத்து மட்டும் லேசாக ஆடிக் காட்டும். 'ம'வைத் தொட்டால் மானா என்று சொல்லாது, "ம" என்று அதன் ஒலியையே சொல்லும். ம, ர, ம் என்று வரிசையாகத் தொட்டால், மூன்று ஒலியையும் ஒட்டி "மரம்" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் சொல்லும். உடனே கைதட்டல் கேட்கும், ஒரு நட்சத்திரம் வந்து விழும். செம்பிக்கு வாயெல்லாம் பல். மானா ரானா தொல்லை ஒழிந்தது என்று, மந்தியைக் கெஞ்சிக் கூத்தாடி ஃபோனை வாங்கி வந்து மிளகின் முன்னால் வைத்தது.

"அம்மா இரைக்குப் போயிட்டு வர்றேன். நீ சமத்தா இதுல படி, என்ன?"

மிளகு தலையாட்டியது.

கீரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே போய்த் திரும்பினால் சட்டென்று வளைக்குள் நுழையாது. வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்கும். உள்ளே பாம்பு புகுந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையை நீட்டும். அன்று மாலை செம்பி அப்படி நின்றபோது உள்ளேயிருந்து, "பொ… றி… பொறி" என்று மணி மணியாக ஒரு குரல் வந்தது. கூடவே கைதட்டல். வளை மூன்று இடத்தில் வளைந்து போவதால் எந்தக் குரலும் வாசலுக்கு வரும்போது கொஞ்சம் மாறித்தான் கேட்கும். செம்பிக்கு அது தன் பிள்ளையின் குரலாகவே கேட்டது. பெற்ற வயிறாயிற்றே, வேறு எப்படிக் கேட்கும்?

அது உள்ளே போகவில்லை. படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாசலிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். பிறகு, மிளகு நன்றாகப் படிக்கிறதே என்று தைரியமாக இன்னும் தூரம் போய் இரை தேடி வந்தது.

மிளகு வரவரப் பேசுவதைக் குறைத்துக்கொண்டது. அது என்ன, இது ஏன் என்ற கேள்விகளெல்லாம் நின்றுபோயின. சாப்பிடும்போதுகூட எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. படித்தவர்கள் அளந்துதான் பேசுவார்கள் என்று செம்பி தனக்குத் தானே சொல்லிப் பூரித்துக்கொண்டது. குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்த ஒருவரையும் அது விடவில்லை. "எங்க மிளகு பலகையெல்லாம் தண்ணியா படிக்கிறான்" என்று சொல்லாத நாளில்லை.

இந்தப் பெருமை கவுதாரியின் காதுக்கு எட்டியது. கவுதாரிக்கு ஏழு குஞ்சுகள். கீரிக்கும் கவுதாரிக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். கவலை வேண்டாம், இந்தக் கதை முடியும் வரை கீரி யாரையும் தின்னாது. தாழைக்குளத்தில் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கடிப்பதில்லை என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது.

கவுதாரியும் ஈசல் மேட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் படிப்பு கிடையாது. அது செம்பியிடம் வந்து, மிளகு முன்னால் போய்ப் பலகையைப் படித்தால் தன் குஞ்சுகளும் பின்னாலேயே வந்துவிடும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. அதற்கென்ன, தாராளமாக வாருங்கள் என்றது செம்பி. ஆனி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை, ஒத்திகை போலப் போய்ப் பார்க்க முடிவாயிற்று.

தேக்குத் தோட்டத்தில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரண்டு பலகைகள் நின்றன. முன்னால் மிளகு, அதன் பின்னால் செம்பி, அதற்குப் பின்னால் வரிசையாக ஏழு குஞ்சுகள், கடைசியில் கவுதாரி. மந்தி வேடிக்கை பார்க்க மரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

மிளகு முதல் பலகைக்கு முன்னால் போய் நின்றது. முன்னங்காலைத் தூக்கி முதல் எழுத்தைத் தொட்டது. தொட்டுவிட்டுக் காத்திருந்தது.

பலகை ஒன்றும் சொல்லவில்லை.

மிளகு இரண்டாவது எழுத்தைத் தொட்டது. பிறகு முதல் எழுத்தை மறுபடி அழுத்தித் தொட்டது. கொஞ்சம் தள்ளி நின்று, எந்த எழுத்தாவது ஆடுகிறதா என்று பார்த்தது. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சொன்னது.

"அம்மா, இதுல சார்ஜ் இல்ல போல."

செம்பி பலகையையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குள் நின்று நின்று சலித்துப்போன கடைக்குட்டிக் குஞ்சு, பலகையைத் தாண்டிக் குடுகுடுவென்று ஓடத் தொடங்கிவிட்டது. கவுதாரி அலறியது. செம்பி ஒரே பாய்ச்சலில் போய்க் குஞ்சின் கழுத்தைக் கவ்விப் பின்னால் உருண்டது. படாரென்று இரும்பு வாய் மூடியது. பொறியில் மூன்று குட்டி இறகுகள் மட்டும் சிக்கி ஆடின. கவுதாரிக்கு இரண்டு முறை உயிர் போய் வந்தது. ஒன்று பொறியைப் பார்த்து, இன்னொன்று தன் குஞ்சு கீரியின் வாயில் இருப்பதைப் பார்த்து. செம்பி குஞ்சை மெதுவாகக் கீழே விட்டது. குஞ்சுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வந்ததும் செம்பி குட்டியைக் கேட்டது. "தினமும் வளைக்குள்ள படிச்சது யாரு?"

"ஃபோன்தான்."

"அப்போ நீ என்ன செஞ்ச?"

"எந்த எழுத்து ஆடுதோ அதைத் தொட்டேன். தொட்டா அதுவே சொல்லிடும். என்னை யாரும் சொல்லச் சொல்லலையே."

செம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபோனைப் பல்லில் கவ்விக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மந்தி மரத்தைவிட்டு இறங்கி ஓடி வந்து கத்தியது. "அது மேல ஏன் பாயுற? ஒரு எழுத்தாவது தப்பாச் சொல்லுச்சா?"

தப்பாகச் சொல்லவில்லைதான். ஆனாலும் செம்பி நிற்கவில்லை. தண்ணீர் ஓரம் வந்தபோது மிளகு குறுக்கே விழுந்து ஃபோனைக் கட்டிக்கொண்டது. பல நாளாகச் சரியாகப் பேசாத குட்டி தேம்பித் தேம்பிப் பேசியது.

"போட்டுடாதேம்மா. நீ போனப்புறம் அது மட்டும்தான் என்கூடப் பேசும்."

செம்பியின் வாயிலிருந்து ஃபோன் நழுவித் தரையில் விழுந்தது. எத்தனை மாலைகள் அது வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கும்! ஒருநாளாவது உள்ளே போய், எங்கே நீ சொல்லு கேட்போம் என்று சொன்னதா? பிள்ளை பேச்சைக் குறைத்ததைப் படிப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டோமே என்று அதற்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. அது குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் நக்கிக் கொடுத்தது.

மறுநாள் முதல் ஃபோன் வளைக்குள் போகவில்லை. தாழை நிழலில் ஒரு கல்லின்மேல் அதை வைத்தார்கள். ஒரு பக்கம் மிளகு, ஒரு பக்கம் செம்பி. இரை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும் என்று செம்பி காலையில் ஒரு நாழிகை நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டது. ஃபோன் "பொ" என்றால் மிளகு "பொ" என்று சொல்ல வேண்டும். பிறகு செம்பியும் சொல்ல வேண்டும். செம்பி "போ" என்று இழுத்துவிடும். மிளகு விழுந்து விழுந்து சிரித்து, அப்படியில்லை அம்மா என்று வாயைக் குவித்துக் காட்டும். காட்டுவதற்காகவே அது நூறு தடவை சொல்லும். அதன்பிறகு ஃபோனை அணைத்துவிட்டு, ஈர மண்ணில் நகத்தால் எழுத்தைக் கீறி இருவரும் படித்துப் பார்ப்பார்கள். மண்ணில் கீறிய எழுத்து ஆடாது, பேசாது, நட்சத்திரமும் தராது. முதல் சில நாட்கள் மிளகு அடிக்கடி ஃபோனையே எட்டிப் பார்த்தது. நாலைந்து நாளில் அந்தப் பார்வை நின்றது. செம்பியின் முகம் மலர்வதைப் பார்ப்பதுதான் அதற்கு ஃபோனின் நட்சத்திரத்தைவிடப் பிடித்துப்போயிற்று.

கவுதாரியும் குஞ்சுகளை அனுப்பியது. செம்பி மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டது. செம்பி கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவின் பயம் அம்மாவுக்குத் தெரியாதா? ஏழு குஞ்சும் ஒரு குட்டியும் சேர்ந்து "வ… ழி… வழி" என்று போட்ட கூச்சலில் குளத்து மீன்களுக்குக்கூடப் படிப்பு வந்திருக்கும். மிளகின் பழைய தொணதொணப்பும் திரும்பி வந்தது. ஈசலுக்கு ஏன் இறகு உதிர்கிறது, மந்திக்கு ஏன் முகம் கறுப்பு என்று அது தொடங்கினால் ஓயாது.

ஆடி பிறந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்த காலை, மிளகு தனியாகக் கிளம்பியது. கூடவே போகச் செம்பியின் கால்கள் பரபரத்தன. ஆனாலும் அது போகவில்லை. வழக்கத்தை மீறக் கூடாது என்பது மட்டும் காரணமில்லை, எத்தனை நாள்தான் கூடவே போக முடியும்? அன்று முழுவதும் அது ஒரு வெட்டுக்கிளிகூடத் தின்னவில்லை. தோட்டத்துப் பக்கம் சருகு சரசரத்தாலும் எழுந்து எழுந்து பார்த்தது. போன ஆடியில் இதே இடத்தில் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தேக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன வால் தெரிந்தது. மிளகு வாய் நிறைய ஈசலோடு வந்து, எல்லாவற்றையும் அம்மாவின் முன்னால் கொட்டியது. மூச்சு வாங்கக்கூட அது நிற்கவில்லை.

"அம்மா, இன்னைக்குப் புதுசா ஒரு பலகை. அந்த வார்த்தை ஃபோன்லயும் கிடையாது, நாம மண்ணுல எழுதினதும் கிடையாது."

செம்பி இன்னும் கிட்டே வந்தது. "அப்புறம் என்ன பண்ணின?"

"ஒவ்வொண்ணாச் சத்தமாச் சொல்லிப் பார்த்தேன். க… ண்… ணி. கண்ணி! கவுதாரி பிடிக்கிற கண்ணி. அந்தப் பக்கமே போகாதீங்கன்னு பின்னாடி வந்த குஞ்சுங்ககிட்டயும் சொல்லிட்டு, சுத்திப் போனேன்."

செம்பி ஈசலைத் தொடவில்லை. குட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுடா, கேக்குறேன்" என்றது. மிளகு இன்னொரு தடவை சொன்னது.

குழந்தைக்கு ஒலியைச் சொல்லிக்கொடுக்க ஒரு கருவி போதும், ஆனால் அந்த ஒலி குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டுமானால், அதைக் கேட்க நாம் பக்கத்தில் உட்கார வேண்டும்.