தேனீயை அழைக்காத நெல்லி

ஒரு ஊர்ல, அதான் இங்கிலாந்துல, ஒரு பெரிய காட்டோரமா ஒரு பொண்ணு இருந்தா. பேரு நெல்லி. சிரிக்காதே, நெல்லிக்கா இல்ல, அவ பேரே அதுதான். அப்பா அம்மா யாரும் இல்ல. அப்பா விட்டுட்டுப் போன ஒரு கூடு தேனீதான் அவளுக்குச் சொந்தபந்தம் எல்லாம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வீட்ல நல்லது கெட்டது எதுன்னாலும் தேனீக்கு முதல்ல போய்ச் சொல்லணும். நாம சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கிறோமே, அப்படி. சொல்லலைன்னா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடும். எங்க, ம் கொட்டு... ம்.

நெல்லிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை ரூஃபஸ், தச்சன். ஆள் நல்லவன், ஆனா தேனீன்னா தொடைநடுங்கி. "அதுங்களுக்கெல்லாம் எதுக்கு நெல்லி சொல்லணும்?"னான். இவளும் தேனீக்குச் சொல்லாமலே விட்டுட்டா.

கல்யாணத்தன்னிக்குக் காலையில பார்த்தா, ரொய்ய்ய்ங்! மொத்தக் கூட்டமும் காட்டுக்குள்ள பறக்குது. அப்போ நெல்லி, கைக்குக் கிடைச்ச கல்யாண கேக்குத் துண்டோட, கவுனைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனா. காடு முழுக்க நீலப்பூ பூத்துக் கிடக்கு, அதையெல்லாம் யாரு பார்த்தா?

ஒரு கிழட்டு ஓக் மரப் பொந்துல தேனீ உக்காந்துச்சு. "எனக்கு இன்னிக்குக் கல்யாணம், வந்துடுங்க"ன்னா. மூச்சு வாங்க ஒப்புக்குச் சொன்னா அது அழைப்பா? ரொய்ய்ய்ங்!

அப்புறம் இடிஞ்ச கோட்டைச் சுவரு. ராஜா இருந்த இடம், இப்போ ஆடு மேயுது. நெல்லி கேக்கை வச்சு, "சாப்பிடுங்க"ன்னா. சோத்துக்கா கோவிச்சுக்கிட்டு வந்துச்சு? ரொய்ய்ய்ங்!

அப்புறம் எங்க போச்சு தெரியுமா? சர்ச்சுக்கு! எண்ணூறு வருஷத்துக் கல் சர்ச்சு. வாசல்ல நின்ன ரூஃபஸ் தொப்பி மேல மொத்தமும் அப்பிக்கிச்சு.

நெல்லி அழுதுட்டா. "அப்பாவுக்கு அப்புறம் எனக்கு இருக்கிறது இதுங்கதான், ரூஃபஸ். போயிடுச்சுன்னா தாங்க மாட்டேன்."

அப்போ அவன், தலையை அசைக்காம, மெல்ல வாயைத் திறந்தான். "பெரியவங்களே, தப்பு என்னோடதுதான். நான் ரூஃபஸ். நெல்லிக்கு வீட்டோட மாப்பிள்ளையா வரேன். நீங்க சம்மதிக்கணும்."

தொப்பியோட சர்ச்சுக்குள்ள போகக் கூடாதாம். அதனால பாதிரியார் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கே வந்துட்டார். அவங்க கல்யாணத்துல ஒரு கேள்வி உண்டு. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"ன்னு சத்தமாக் கேட்டார்.

ஊரே தொப்பியைப் பார்த்துச்சு.

அவ்வளவு நேரம் கத்துனதுங்க, ஒண்ணுகூட வாயைத் திறக்கல.

அவ்வளவுதான் கதை. தேனீ கூட்டுக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ.